நாய் தலைவரான வங்கி

காசைக் கண்டு சிரித்தவர்கள் உலகிற் பலர். காசைப் பார்த்து, அதன் வேடத்தையும் நடையையும் பார்த்துச் சிரித்தவர்கள் மிகச் சிலர். அரசரையும் அமைச்சரையும் எள்ளி நகையாடிய எழுத்தாளர் எந்த மொழியிலும் உளர். பணத்தை எள்ளி நகையாடுவது அத்துணை எளிதன்று. அஃது இல்லாதவனுக்கு அதனைப் பற்றிச் சிரிக்க மனம் வாராது. இருப்பவனுக்கோ அதிற் சிரிப்பதற்கு ஏதுமிருப்பதாகவே தோன்றாது. இவ்விரு சாராரையும் ஒருசேரச் சிரிக்க வைத்த நாவல்கள் இரண்டு ஆங்கிலத்தில் உள்ளன. ஒன்றை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த டெரி பிராட்செட். மற்றதை எழுதியவர் சென்னையிற் பிறந்த தமிழர், ஆர். கே. நாராயண். முன்னையது 2007இல் வெளிவந்த ‘மேக்கிங் மணி’. பின்னையது 1952இல் வெளிவந்த ‘தி பைனான்ஷியல் எக்ஸ்பெர்ட்’. ஒன்றில் ஒரு நாய் வங்கிக்குத் தலைவராகின்றது. மற்றதில் ஓர் ஆலமரத்தடியே வங்கியாகின்றது.

முதலில் நாயின் கதை.

பிராட்செட் படைத்த உலகம் தட்டையானது. அதனை நான்கு யானைகள் சுமக்கின்றன. அந்த யானைகள் ஒரு பேராமையின் முதுகில் நிற்கின்றன. ஆதிசேடன் தலையிற் பூமி இருக்கிறதென்று பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதிற் பெரிய புதுமை ஒன்றுமில்லை. இந்த உலகை வைத்து அவர் எழுதிய நாவல்கள் நாற்பதுக்கு மேல்; அவற்றுள் இது முப்பத்தாறாவது. ஆங்க்-மோர்போர்க் என்பது அவ்வுலகின் பெருநகரம். அதனை ஆள்பவர் வெட்டினாரி பிரபு. தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரிலேயே கத்தியின் ஓசை கேட்கும். அவர் இளமையிற் கொலைஞர் சங்கத்திற் பயின்றவர் என்று கதை சொல்வதால் அப்பெயர் பொருந்தியும் விடுகிறது. ஆனால் அவர் மூடர் அல்லர். நகரம் நன்றாக நடைபெற வேண்டுமானால், ஏமாற்றுக்காரனின் திறமையையும் வீணாக்கக்கூடாது என்று கருதுபவர். மொயிஸ்ட் வான் லிப்விக் என்னும் கைதேர்ந்த மோசடிக்காரனைத் தூக்குமேடையிலிருந்து இறக்கி, பாழடைந்து கிடந்த தபால் நிலையத்தை அவனிடம் ஒப்படைத்தார். அது 2004இல் வந்த முந்திய நாவலின் கதை. அவன் அதனைச் சீர்செய்து விட்டான். சீர்செய்தபின் அவனுக்குப் பொழுது போகவில்லை. ஆகவே அரச வங்கியையும் நாணயசாலையையும் பார்த்துக்கொள்ளும்படி பிரபு அவனைத் தூண்டுகிறார்.

வங்கியின் உரிமையாளர் லாவிஷ் சீமாட்டி என்னும் முதியவர். தம் குடும்பத்தாரை நன்கு அறிந்தவராதலால், மேசையின் மீது நாணேற்றிய விற்பொறிகளை வைத்துக்கொண்டே அலுவல் பார்ப்பார். அவர் இறக்கும்போது பங்குகளைத் தம் செல்ல நாய்க்குட்டிக்கு எழுதி வைக்கிறார். நாய்க்குட்டியை மொயிஸ்ட்டுக்கு எழுதி வைக்கிறார். நாய்க்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால், மொயிஸ்ட்டின் உயிரை எடுக்குமாறு கொலைஞர் சங்கத்துக்கு முன்பணமும் கட்டி விடுகிறார். இப்படியாக மிஸ்டர் பஸ்பொட் என்னும் அந்தச் சிறு நாய், ஒரு மாநகரத்தின் வங்கிக்குத் தலைவராகிறது. பங்குச் சட்டத்தின்படி அதில் ஒரு பிழையும் இல்லை. பங்கு யாரிடம் அதிகமோ அவரே தலைவர். தலைவருக்கு இரண்டு கால் இருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நூலில் இந்த நாய் செய்யும் தீங்கைக் காட்டிலும், பட்டமும் குலமும் படைத்த லாவிஷ் குடும்பத்தார் செய்யும் தீங்கு மிகுதி. கடைசியில் நாயே நல்ல தலைவர் என்று வாசகனே ஒப்புக்கொள்ளும்படி ஆசிரியர் கதையை நடத்துகிறார்.

புதிய பொறுப்பாளன் நாணயசாலையைச் சுற்றிப் பார்க்கிறான். அங்கே அடிக்கப்படும் மிகச் சிறிய காசு, தன் மதிப்பைக் காட்டிலும் தன்னைச் செய்வதற்கு மிகுதியான செலவு பிடிக்கிறது என்பதை அறிகிறான். இதனை வெறும் கேலி என்று தள்ளிவிட வேண்டாம்; பல நாட்டு நாணயசாலைகளில் இது மெய்யாகவே நடப்பது. பின்னர் அவன் இன்னொன்றையும் கவனிக்கிறான். அவன் தபால் நிலையத்துக்காக அச்சிட்ட முத்திரைகளை மக்கள் கடிதத்தில் ஒட்டாமல், கடையிற் காசுக்குப் பதிலாகக் கொடுத்தும் வாங்கியும் வருகின்றனர். முத்திரை ஏன் செல்லுகிறது? அதனைக் கொண்டு ஒரு கடிதத்தை அனுப்ப முடியும் என்ற நம்பிக்கையால். அப்படியானால் கடிதத்தை மறந்துவிட்டு நம்பிக்கையை மட்டும் அச்சிட்டால் என்ன? காசுத்தாள் பிறக்கிறது. அதற்குச் சித்திரம் வரைய, முத்திரைகளைக் கள்ளமாக அச்சிட்டுத் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவனையே சிறையிலிருந்து கொண்டு வருகிறான். அவனைப் போல நுணுக்கமாக வரையக்கூடியவர் வேறு யார்?

இதனைப் பொறுக்கமாட்டாதவர் தலைமைக் காசாளர் பென்ட். பொன் ஒன்றே மெய், மற்றெல்லாம் பொய் என்று இருப்பவர், கூட்டலிற் பிழை விட்டறியாதவர், சிரிப்பை வெறுப்பவர். மொயிஸ்ட்டுக்கும் அவருக்கும் நடக்கும் வாதம் நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஆளில்லாத் தீவிலே பசியோடு கிடப்பவனுக்குப் பொன்மூட்டை பயன்படுமா, கிழங்குமூட்டை பயன்படுமா என்பது அந்த வாதத்தின் சாரம். பென்ட் அதற்குச் சொல்லும் மறுமொழிகளும் வெறும் முட்டாள்தனமல்ல. பொன்னை அச்சிட முடியாது. தாளை எத்தனையும் அச்சிடலாம். இந்த அச்சம் எத்துணை நியாயமானது என்பதை இலங்கை மக்கள் தம் வாழ்நாளிலேயே கண்டவர்கள்.

காசுத்தாளின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், ஆங்க்-மோர்போர்க்கைத் தேடி ஆமையின் முதுகுக்குப் போக வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையிற் கைமாறிய தாள்களை அச்சிட்டவை தனியார் வங்கிகள். அவற்றுட் பெரியது ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். கோப்பிச் செடிகளில் 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைநோய் ஆண்டுக்காண்டு பரவித் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் அவற்றோடு சாய்ந்தது. 1884 மே 3ஆந் தேதி அது கதவை மூடிற்று. முதல் நாள் அரிசி வாங்கிய தாள் மறுநாள் வெறுங் கடதாசி. அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் கோர்டன், அந்த வங்கியின் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என்று உறுதி கூறினார். தாளில் ஒரு புள்ளியும் மாறவில்லை. அதற்குப் பின்னே நின்ற ஆள் மாறினார், அவ்வளவே. கடதாசி மீண்டும் காசாயிற்று. அதே ஆண்டில் நிறைவேறிய கட்டளைச் சட்டத்தின் வழியே அரசாங்கம் தானே தாள் வெளியிடத் தொடங்கியது. 1950இல் அந்தப் பொறுப்பு மத்திய வங்கிக்கு வந்தது. இதற்கு மாறான காட்சி 1970இல் நிகழ்ந்தது. ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் செல்லாவென அரசாங்கம் அறிவித்து, கையிலுள்ளவற்றை வங்கியில் ஒப்படைக்கச் சொன்னது. கொடுத்த வாக்கு திரும்பப் பெறப்பட்டதும், நேற்றுவரை பெட்டகத்திற் பூட்டி வைத்த தாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று பலர் திகைத்தனர். காசுக்கு நாணயம் என்று பெயர். வாக்குத் தவறாமைக்கும் தமிழில் நாணயம் என்றே பெயர். அந்தப் பெயரை இட்டவர்கள் பொருளியல் படித்தவர்கள் அல்லர்.

பிராட்செட்டின் வங்கியினுடைய நிலவறையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. கண்ணாடிக் குழாய்களும் தொட்டிகளும் கொண்டது. உள்ளே நீர் ஓடும். நகரத்திற் பணம் எப்படி ஓடுகிறதோ அப்படி அந்த நீர் ஓடும். வரியைக் கூட்டினால் எந்தத் தொட்டி வற்றும், கடனைக் குறைத்தால் எந்தத் தொட்டி நிரம்பும் என்று பார்க்கலாம். அதனைச் செய்த அறிஞன் சற்றே சித்தம் கலங்கியவன். அவன் உதவியாளன் அதனை மேலும் மேலும் நுட்பமாக்கவே, இயந்திரம் நகரத்தைக் காட்டுவதோடு நில்லாமல் நகரத்தை இயக்கவும் தொடங்கி விடுகிறது. கற்பனையின் உச்சம் இதுவென்றே பலரும் எண்ணுவர். ஆனால் இவ்வியந்திரம் உண்மையாகவே இருந்தது. பில் பிலிப்ஸ் என்பவர் நியூசிலாந்தைச் சேர்ந்த பொறியியலாளர். போர்க்காலத்தில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர். பின்னர் இலண்டனிற் பொருளியல் பயின்றார். பாடம் விளங்காமையால், தமக்கு விளங்கும் மொழியில் அதனைச் செய்து பார்த்தார். 1949இல் இலண்டன் பொருளியற் பள்ளியில் அவர் காட்டிய இயந்திரத்திற் சாய நீர் குழாய்களின் வழியே ஓடி, வருமானம், வரி, சேமிப்பு, இறக்குமதி என்று பிரிந்து மீண்டும் கூடிற்று. பேராசிரியர்கள் சொற்போர் நடத்திய விடயங்களுக்கு நீர் மறுமொழி கூறிற்று. அவ்வியந்திரங்களுள் ஒன்று இன்றும் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் இருக்கும் கரடியனாற்றில், இந்த இயந்திரத்தைச் சிறுபிள்ளைக்கும் விளக்கிவிடலாம். உறுகாமக் குளமும் உன்னிச்சைக் குளமும் அந்தப் பகுதியினருக்குத் தெரிந்தவை. துருசைத் திறந்தால் வாய்க்காலில் நீர் வரும். மேல்வட்டைக்காரன் தன் வரம்பை மட்டும் பார்த்து மடையை அடைத்துக்கொண்டால் கீழ்வட்டை காயும். மழை பொய்த்தால் துருசை எத்தனை முறை திறந்தாலும் வருவது காற்று. யாருக்கு எப்போது எவ்வளவு நீர் என்பதைத் தீர்க்க வட்டை விதானை என்றொருவர் இருந்தார். ஒரு வகையில் அவரும் மத்திய வங்கி ஆளுநரே. பணத்தைத் துருசிலிருந்து மட்டும் வரவழைக்க முடியாது; குளத்தில் இருக்க வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதனை அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அதே காலத்திற் காசுத்தாள் அச்சாவதற்குக் குறைவில்லை. 2022 ஏப்ரல் 12ஆந் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இருநூறு ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் முந்நூற்று அறுபதைத் தாண்டிற்று. பென்ட் இருந்திருந்தால், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று சொல்லியிருப்பார்.

பென்ட்டின் பொன்னுக்கு என்ன ஆயிற்று? நிலவறையைத் திறந்து பார்க்கிறார்கள், பொன் இல்லை. பழி மொயிஸ்ட்டின் மேல் விழுகிறது. லாவிஷ் குடும்பத்தாரின் கைவரிசை பின்னரே வெளிப்படுகிறது. இத்தனை காலமும் நகரம் நம்பி வந்த பொன், இல்லாமலே தன் வேலையைச் செய்து வந்திருக்கிறது. நூலின் மிக ஆழமான கேலி இதுதான். இதனோடு ஒப்பிட்டால், பிற்பகுதியில் வரும் களிமண் பூதங்களின் கதை சற்று நெரிசலானது. ஆசிரியர் ஒரு நூலுக்குள் ஒன்றரை நூலைத் திணித்துவிட்டாரோ என்று தோன்றும். ஆயினும் அப்பூதங்களால் ஒரு பயன் உண்டு. பழைய நகரமொன்றின் இடிபாடுகளிலிருந்து நான்கு பொற்பூதங்கள் வரப்போவதாக எதிர்பார்க்கின்றனர். பழைய மொழியைப் பெயர்த்ததில் நேர்ந்த பிழை அது. வந்தவையோ நாலாயிரம் களிமண் பூதங்கள். உண்ணா, உறங்கா, ஓயாது உழைப்பவை. அத்தனையையும் வேலைக்கு விட்டால் நகரத்தில் ஒருவனுக்கும் வேலை இராது. போருக்கு விட்டால் உலகமே பகையாகும். ஆகவே பெரும்பாலானவற்றைப் புதைத்து வைத்து, அவற்றின் உழைக்கும் ஆற்றலையே காசுத்தாளுக்கு ஈடாக்கிவிடுகிறான் மொயிஸ்ட். மண்ணுக்குள் புதைந்திருக்கும் பொன்னை நம்பலாமென்றால், மண்ணுக்குள் புதைந்திருக்கும் உழைப்பை ஏன் நம்பக்கூடாது?

பூதம் என்றவுடன் மட்டக்களப்பு வேளாண்மைக்காரருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். களவெட்டியிற் சூடு மிதிக்கும்போது வழக்கமான சொற்களை வழங்கமாட்டார்கள். நெல்லைப் பொலி என்பார்கள். மாட்டுக்கும் மரைக்காலுக்குங்கூட அங்கே வேறு பெயர். ஊர்ப் பெயரைச் சொன்னாற் பூதங்கள் கேட்டு நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது பழைய நம்பிக்கை. வங்கியாளரும் தமக்கென ஒரு களவெட்டி மொழி வைத்திருக்கின்றனர். கடன் கட்ட முடியவில்லை என்று சொல்லமாட்டார்கள், மறுசீரமைப்பு என்பார்கள். பெட்டியிற் காசு இல்லை என்று சொல்லமாட்டார்கள். திரவத்தன்மை குறைந்துள்ளது என்பார்கள். களவெட்டியில் அம்மொழி பூதத்துக்கு மறைப்பதற்காக வழங்கிற்று. வங்கியில் அது யாருக்கு மறைப்பதற்காக என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இனி ஆலமரத்தடி வங்கி.

நாராயணின் மால்குடியும் வரைபடத்தில் இல்லாத ஊரே. ஆனால் அங்கே யானையும் ஆமையும் உலகைச் சுமக்கவில்லை, கடன் சுமக்கிறது. மத்திய கூட்டுறவு நில அடமான வங்கியின் எதிரே, ஆலமர நிழலில், ஒரு தகரப் பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு மார்க்கய்யா அமர்ந்திருக்கிறான். மார்க்கம் காட்டுபவன் ஆதலால் அந்தப் பெயர். பெட்டிக்குள் ஒரு பேனா, ஒரு மைப்புட்டி, ஒரு கணக்குப் புத்தகம், வங்கியிலிருந்து எப்படியோ கைக்கு வந்த விண்ணப்பப் படிவங்கள். கிராமத்தான் வருவான், வங்கியின் படிக்கட்டைக் கண்டு அஞ்சுவான், மரத்தடிக்கு வந்துவிடுவான். யாருக்கு எத்தனை கடன் எடுக்க உரிமை உண்டு, ஒருவன் எடுத்த கடனை இன்னொருவனுக்கு எப்படித் திருப்பிவிடலாம், பழைய கடனைக் கட்ட எந்தப் புதிய கடனை எடுக்கலாம் என்பதெல்லாம் மார்க்கய்யாவுக்கு மனப்பாடம். வங்கி வறியவர்களின் நன்மைக்காகவே தொடங்கப்பட்டது. ஆனால் அதன் வாசலுக்கும் வறியவனுக்கும் இடையே இருபது அடி தூரம் இருந்தது. அந்த இருபது அடியில் மார்க்கய்யா பிழைத்தான்.

அந்த இருபது அடி மால்குடியில் மட்டும் இல்லை. படுவான்கரையில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் காசு வேண்டிய நாளில், தாலிக்கொடியோ காப்போ அடைவுக்குப் போகும்; மழை தவறாது, வெள்ளம் அள்ளாது, யானை இறங்காது விளைந்தால் சூடு மிதித்தபின் மீண்டு வரும். நெல் விலை அறுவடை நாளில் இறங்கும். அடைவுக் கடையின் வட்டி எந்த நாளிலும் இறங்காது. போர் 2009இல் முடிந்தபின் வேறொரு கடன் வீடு தேடி வந்தது. வங்கிப் படிக்கட்டு ஏற வேண்டாம். ஈடு வைக்க வேண்டாம். ஐந்தாறு பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றாற் போதும். வாரத் தவணையிற் கட்டிவிடலாம். நுண்கடன் என்பது அதன் பெயர். களவெட்டி மொழியில் அதுவும் ஒரு சொல்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது தகும். ஒரு பெண் ஐம்பதாயிரம் ரூபா எடுக்கிறாள் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு இருபத்து நான்கு என்று சொல்லப்படுகிறது. முழுத் தொகைக்கும் முழு ஆண்டுக்குமாக 12,000 ரூபா. மொத்தம் 62,000. ஐம்பத்திரண்டு வாரங்களுக்குப் பிரித்தால், வாரம் ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்பதற்கு எளிதாக இருக்கும். ஆனால் இருபத்தாறாவது வாரம் முடியும்போது முதலிற் பாதியை அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் கையில் இருப்பது 25,000 ரூபாக் கடனே. வட்டியோ இன்னமும் ஐம்பதாயிரத்துக்கே போகிறது. கடைசி வாரத்திற் கையிலிருப்பது ஆயிரத்துக்கும் குறைவு. அப்போதும் வட்டி ஐம்பதாயிரத்துக்கே. ஆண்டு முழுவதும் சராசரியாக அவள் கையிலிருந்த தொகை பாதிதான் என்பதால், அவள் உண்மையாகக் கொடுத்த வட்டி நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பத்தேழு. இந்தக் கணக்கு எட்டாம் வகுப்பு மாணவனுக்கு எட்டாததன்று. அதனைக் கேட்கும் கேள்விதான் எந்த வினாத்தாளிலும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் ஒரு தவணையைக் கட்ட இன்னொரு கடன் என்று சிக்கியவர்கள் பெருகவே, 2018இல் அரசாங்கம் வறட்சி கண்ட பன்னிரண்டு மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்டுச் செலுத்தத் தவறிய பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. ஆண்டு வட்டிக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து என்று உச்ச வரம்பும் பேசப்பட்டது. அந்த வரம்பைக் கேட்டு மகிழ்வதா, அது தேவைப்பட்ட நிலைக்கு வருந்துவதா என்று தெரியவில்லை. மார்க்கய்யாவாயிருந்தால், படிவத்தைக் கையில் வாங்கிய நிமிடமே அந்த நாற்பத்தேழைச் சொல்லியிருப்பான். அதற்கும் ஒரு கூலி கேட்டிருப்பான்.

மார்க்கய்யாவின் கதையிலும் தெய்வம் வருகிறது. வங்கிச் செயலாளர் மரத்தடிக்கு வந்து படிவங்களைப் பிடுங்கி அவமானப்படுத்துகிறார். வீட்டிலே செல்ல மகன் பாலு கணக்குப் புத்தகத்தைச் சாக்கடையில் எறிகிறான். ஊரார் தர வேண்டியதெல்லாம் அதனோடு நீரிற் போகிறது. ஒரு கோயிற் பூசகர், இலட்சுமியின் அருளை வேண்டி நாற்பது நாள் விரதம் இருக்கும்படி சொல்கிறார். செந்தாமரை வேண்டும். தாமரை தேடிப் போன குளக்கரையில் டாக்டர் பால் என்பவன் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுக்கிறான். தம்பதியர் வாழ்வைப் பற்றிய அந்த நூலை வெளியே சொல்லவே மார்க்கய்யாவுக்குக் கூச்சம். ஆனால் அதுவே அச்சாகிப் பணத்தைக் கொண்டு வந்து கொட்டுகிறது. விரதத்தின் பயனா, மனிதரின் ஆசையின் பயனா என்று நாராயண் தீர்ப்புச் சொல்லவில்லை. சரசுவதியும் இலட்சுமியும் ஒரே வீட்டில் ஒற்றுமையாக வாழ்வதில்லை என்ற பழைய பேச்சை மட்டும் நினைவூட்டி நகர்ந்துவிடுகிறார். பாலு பரீட்சையிலே தவறுகிறான்.

பின்னர் போர்க்காலம். பதுக்கலும் கள்ளச் சந்தையும் பெருகிய நாளில், மார்க்கய்யா வைப்புப் பணம் பெறத் தொடங்குகிறான். நூற்றுக்கு இருபது வட்டி தருவதாகச் சொல்கிறான். எந்த வங்கியும் தராத வட்டி. பணம் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு வருகிறது. வைக்க இடம் போதவில்லை. வருகிற வைப்புப் பணமே முன்னவனுக்கு வட்டியாகப் போகிறது என்பதை நாராயண் விளக்கிச் சொல்லவில்லை. வாசகன் தானே உணர்கிறான். இலங்கையிலும் இப்படி உயர்ந்த வட்டிக்கு வைப்புப் பெற்ற கோல்டன் கீ என்னும் கடனட்டை நிறுவனம் 2008 டிசம்பரிற் சரிந்தது; வயது முதிர்ந்தவர்களின் சேமிப்புக்களும் அதிற் சிக்கின. அந்தச் செய்தியைப் படித்தவர்களுள் யாரேனும் மால்குடியை நினைத்திருப்பர்.

மார்க்கய்யாவின் வங்கி எப்படி விழுந்தது? சட்டம் வரவில்லை, காவலர் வரவில்லை. மகனைக் கெடுத்த டாக்டர் பாலை அவன் ஆத்திரத்தில் அடித்துவிடுகிறான். அடிபட்டவன் தெருவிலே சிலரிடம், மார்க்கய்யாவின் நிலைமை சரியில்லை என்று முணுமுணுக்கிறான். அவ்வளவே. மறுநாள் வாசலில் ஊரே நிற்கிறது. கொடுக்கக் கொடுக்கக் கூட்டம் பெருகுகிறது. மூட்டைகள் தீர்கின்றன, நகை, வீடு, மானம் எல்லாம் தீர்கின்றன. பொய்யாகச் சொன்ன சொல், சொன்ன மாத்திரத்தில் மெய்யாகிவிட்டது. இது மால்குடிக்கு மட்டும் உரிய பேதைமை என்று எவரும் எண்ண வேண்டாம். பிராட்செட்டின் நூல் இலண்டனிற் கடைக்கு வந்தது 2007 செப்டம்பர் மாதத்தில். அதே மாதம் 14ஆந் தேதி, நோர்தேர்ன் ரொக் என்னும் வங்கியின் கிளைகளுக்கு முன்னே இங்கிலாந்து மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர். பிரித்தானிய வங்கியொன்றிற் பணத்தைத் திரும்பப் பெற மக்கள் அப்படி முண்டியடித்தது 1866க்குப் பின் அதுவே முதல் முறை. அரசாங்கம் வைப்புக்களுக்குப் பொறுப்பேற்றபின்னரே வரிசை கலைந்தது. கோர்டன் 1884இற் சொன்ன அதே வாக்கு.

இவ்விரு வங்கியாளருள் மொயிஸ்ட் தப்புகிறான், மார்க்கய்யா தப்பவில்லை. ஏன்? மொயிஸ்ட் தான் ஏமாற்றுக்காரன் என்பதை அறிந்தவன். பணம் என்பது எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட ஒரு விளையாட்டு என்பதையும் அறிந்தவன். ஆகையால் அதனைக் கையிற் பிடித்துக்கொண்டே நிற்பதில்லை. பென்ட் பொன்னைப் பிடித்தார். ஒரு நாள் கணக்கிலே ஒரு பிழை நேர்ந்ததும் வங்கியை விட்டே ஓடிப்போனார். அவர் குலத்தொழில் கோமாளித்தனம் என்பது அப்போதுதான் தெரிய வருகிறது. கோஸ்மோ லாவிஷ் அதிகாரத்தைப் பிடித்தான். வெட்டினாரியைப் போலாக வேண்டுமென்று தனக்குப் பொருந்தாத சிறிய மோதிரத்தை மாட்டிக்கொண்டு, விரல் அழுகியபோதும் கழற்ற மறுத்தான். மார்க்கய்யா மூட்டைகளைப் பிடித்தான்.

இரண்டில் எதனை முதலிற் படிக்கலாம் என்று கேட்டால், நாராயணைத்தான். அவர் ஆங்கிலம் எளிது. பள்ளி மேல்வகுப்பு மாணவருக்கும் எட்டும். அதிற் கேட்பது தமிழ் வீட்டுப் பேச்சின் குரல். பிராட்செட்டின் சிரிப்பு அவருடைய மொழியின் சிலேடைகளில் ஊன்றியது. அதனைச் சுவைக்கப் பொறுமை வேண்டும். அவர் அந்த நூலை வெளியிட்ட சில மாதங்களில், அதே 2007 டிசம்பரில், தமக்கு மறதி நோய் கண்டிருப்பதை வெளிப்படையாக அறிவித்தார். அதன் பின்னரும் எழுதிக்கொண்டேயிருந்து 2015 மார்ச்சில் மறைந்தார். நாராயண் 2001இல் மறைந்தார். மார்க்கய்யாவின் கதை 1983இற் கன்னடத்தில் நாகாபரணாவின் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. இந்த மனிதனுக்குத் தமிழ்த் திரையில் இன்னும் ஓர் ஆலமரம் கிடைக்கவில்லை.

நாவலின் முடிவில், எல்லாம் இழந்த மார்க்கய்யா மகனை அழைக்கிறான். பழைய தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. ஒரு பேனாவும் மையும் வாங்கிக்கொண்டு, ஆலமரத்தடிக்குப் போய் உட்காரச் சொல்கிறான். அங்கே போய் உட்கார்ந்தால் ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பாலு தயங்குகிறான். அப்படியானால், உடம்பு எழுந்திருக்கும் அளவுக்குத் தேறியதும் தானே போவதாகச் சொல்லிவிட்டு, பேரக் குழந்தையோடு விளையாட வேண்டும், அவனைக் கொண்டு வாருங்கள் என்கிறான் மார்க்கய்யா.